சொன்ன பிறகு என்ன ஆகும்?

ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகும், ஒரு மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகும் நம் தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: “யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” அக்கறையோடு கேட்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. வாயைத் திறக்காதது பாதிக்கப்பட்ட பிள்ளையின் தவறு என்பதுதான் அது.

நாங்குநேரியில் அந்த மாணவன் வாயைத் திறந்தான். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலினச் சிறுவன். சக மாணவர்களின் சாதியத் தொல்லை தாங்க முடியாமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. தாயுடன் போய் நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்களே.

அந்தப் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். பள்ளியிடம் சொன்னான், பெற்றோரை அழைத்துப் போனான், பெயர்களையும் சொன்னான். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது எதுவும் நடக்கவில்லை. சொன்னவனுக்கு அன்றிரவு பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம் அமைப்பில் எவருக்கும் வரவில்லை. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இளையோருக்கான ஆதரவுச் சேவைகள் பற்றிப் பேசுவதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் ஏன் சொல்வதில்லை என்று ஆராய்வதை விட்டுவிட்டு, சொன்ன பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

எண்களும் பெட்டிகளும்

உதவி எண்களுக்கு இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. குழந்தைகளுக்கு 1098. பள்ளி மாணவர்களுக்கு 14417. மனநல ஆலோசனைக்கு 14416. பெண்களுக்கு 181. சாதிய வன்கொடுமைகளைத் தெரிவிக்க 14566. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று பெயர் எழுதிய பெட்டியும் இருக்கிறது. இவை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு எண்ணாவது இருக்கிறதே என்று நள்ளிரவில் அழைத்துப் பிழைத்த பிள்ளைகள் உண்டு. இதைப் படிக்கும் உங்களில் யாருக்கேனும் இன்று மனம் கனத்துக் கிடந்தால், 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தயங்க வேண்டாம்.

ஆனால் எண் என்பது கதவு மட்டும்தான். கதவைத் திறந்ததும் உள்ளே யார் இருக்கிறார்கள்? நானும் சில நண்பர்களும் எங்கள் பகுதியில் மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். அங்கே வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தாள். பல நாள் கழித்துக் காரணத்தைச் சொன்னாள். உதவித்தொகைப் படிவம் கொடுக்க, “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் நிற்க வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். “பெட்டியில எழுதிப் போடலையா?” என்று கேட்டேன். “பெட்டியத் திறக்கிறதே அந்த சார்தான்” என்றாள்.

அவளுடைய பதிலில் ஒரு முழுச் சமூக ஆய்வு இருக்கிறது. எந்த உதவியைப் பார்த்தாலும் நம் பிள்ளைகள் மூன்று கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்பவர் யார்? கேட்ட பிறகு என்ன செய்வார்? செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் நம்பத் தகுந்த விடை கிடைக்காத இடத்தில் பிள்ளைகள் மௌனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்வது அவர்களின் அறிவை அவமதிப்பது. தங்களைச் சுற்றியுள்ள சாதியின் வலைப்பின்னலை எந்த அதிகாரியைவிடவும் அவர்கள் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள். யார் யாருக்கு உறவு, எந்த ஆசிரியர் எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார், காவல் நிலையத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் பதினான்கு வயதிலேயே அவர்களுக்குத் தெரியும்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் குழு தன் அறிக்கையை அளித்தது. அறிக்கை வெளிவந்த நாளில் கையில் கயிறு கட்டக்கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது என்ற பரிந்துரைகள் மட்டுமே விவாதமாயின. மத உணர்வு புண்பட்டது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்தக் கூச்சலில் அதைவிட முக்கியமான பகுதி அமுங்கிப் போனது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சாதியப் பாகுபாடு, பாலியல் தொல்லை, ராகிங், போதைப் பழக்கம் ஆகியவற்றைக் கண்காணிப்பது அவர் பணி. ஒன்றியங்கள்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும். உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தத் தனிச்சட்டம் வேண்டும் என்றும் குழு சொன்னது.

இதில் எந்தப் பரிந்துரை புரட்சிகரமானது? எல்லாமே ஒரு நாகரிகமான பள்ளியில் சாதாரணமாக இருக்க வேண்டியவை. எங்கள் வகுப்பு மாணவி சொன்ன சிக்கலுக்கான விடையும் அதிலேயே இருந்தது. சுற்றறிக்கையாக வந்தால் அலமாரிக்குப் போகும், சட்டமாக வந்தால்தான் மீறுபவருக்கு விலை இருக்கும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புப் பட்டியலின மாணவனைக் கீழே இழுத்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. அறிக்கை கொடுத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

விடுதி என்னும் போராட்டக் களம்

ஆதரவுச் சேவை என்றதும் அது அரசின் நலத்திட்டம் அல்லது தொண்டு நிறுவனத்தின் வேலை என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. நம் இயக்கத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள் என்பது பலருக்குத் தெரியும். 1863இல் அவர்கள் செய்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கருவுற்ற விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெறுவதற்கான இல்லத்தைத் தங்கள் வீட்டிலேயே திறந்தார்கள். அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் பார்ப்பனக் குடும்பங்களின் இளம் பெண்கள். ஊர் தூற்றும், குடும்பம் கைவிடும், கிணறுதான் மிச்சம் என்ற நிலையில் இருந்த பெண்களுக்குச் சூத்திரத் தம்பதியின் வீடு புகலிடமானது. அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத்தான் யஷ்வந்த் என்று பெயரிட்டுத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

கோலாப்பூரில் சாகு மகராசர் 1901 முதல் விடுதி மேல் விடுதியாகத் திறந்தார். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு வாடகைக்கு அறை தர எவரும் இல்லாத காலம் அது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அந்த அமைப்பு முதலில் செய்த பணிகளில் ஒன்று 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. மகத் குளத்துக்கு மக்கள் அணிவகுத்தது 1927இல். முதலில் விடுதி, பிறகு குளம். இந்த வரிசையை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுக்கும் தலைக்கும் ஒரு இடம் கிடைத்த பிள்ளையால்தான் நிமிர்ந்து நடக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் இயங்குகின்றன. 2025 ஜூலையில், பல்வேறு நலத்துறைகளின் கீழ் உள்ள விடுதிகள் அனைத்தும் இனி ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். நான் அதை வரவேற்கிறேன். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பிள்ளையின் சாதியைக் கணித்துவிடும் நிலை ஒழிய வேண்டியதுதான். பெயர் சாதாரண விஷயம் என்று சொல்பவர்கள், அந்தப் பெயரைச் சுமக்காதவர்கள்.

ஆனால் பலகையில் எழுதிய சமூகநீதி தட்டுக்கு வர வேண்டாமா? 2023இல் பள்ளி விடுதி மாணவர்களின் மாத உணவுப்படி 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவர்களுக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லது. இப்போது கணக்குப் போடுங்கள். 1,400 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட இல்லை. அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு. வேளைக்கு 16 ரூபாய்க்கும் கீழே. வளரும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு, விலைவாசி ஒவ்வொரு மாதமும் ஏறும் நாட்டில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவிப்பாக வரும் உயர்வை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைவாசியோடு சேர்ந்து உயர்கிறது. விடுதிப் பிள்ளையின் சோறு ஏன் அப்படி உயரக் கூடாது?

நான் நேரில் பார்த்த விடுதிகளில் ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளுக்குப் பொறுப்பாக இருந்ததுண்டு. இரவுக் காவலர் இல்லாத பெண்கள் விடுதி உண்டு. தண்ணீர் வராத கழிப்பறையும், பூட்டியே கிடக்கும் நூலக அறையும் உண்டு. இதை எழுதும்போது எல்லா விடுதியும் இப்படித்தான் என்று சொல்ல விரும்பவில்லை. தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரும் காப்பாளர்களையும் நான் அறிவேன். என் கவலை வேறு. விடுதி நன்றாக இருப்பதோ பாழாகக் கிடப்பதோ ஒரு தனிமனிதரின் நல்ல மனதைப் பொறுத்து அமையக் கூடாது. உரிமை என்பது அதிர்ஷ்டமாக மாறிவிட்டால் அது உரிமை அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினோரு வயதில் வீட்டை விட்டு வந்து அறுபது பேரோடு ஒரே கூடத்தில் படுக்கும் பிள்ளைக்குச் சோறும் பாயும் மட்டும் போதாது. அழுகை வரும். முதல் மாதவிடாய் வரும். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்த செய்தி வரும். கணக்கில் தோல்வி வரும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவர் வேண்டும். கணக்கு எழுதுவது, மளிகை வாங்குவது, ஆய்வுக்கு வரும் அதிகாரியைச் சமாளிப்பது எல்லாவற்றையும் செய்யும் காப்பாளரிடமே இதையும் எதிர்பார்ப்பது அவருக்கும் கொடுமை, பிள்ளைக்கும் கொடுமை.

தாமதமும் ஒரு வன்முறை

கல்லூரிக்குப் போனதும் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் தருகின்றன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் என்கிறார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு, உதவித்தொகைக்கு அது கிடையாது. இடைப்பட்ட மாதங்களில் தேர்வு அனுமதிச் சீட்டை நிறுத்திவைப்பதும், அலுவலகச் சன்னல் முன்னால் நிற்க வைப்பதும், “ஸ்காலர்ஷிப் கேஸ்” என்று கூப்பிடுவதும் நடக்கின்றன. கூலி வேலை செய்யும் தாய் கந்து வட்டிக்குப் போகிறாள். ஆண்டுக் கடைசியில் தொகை வரும்போது அது வட்டிக்கே போய்ச் சேர்கிறது.

ரோகித் வெமுலாவை நாம் ஆண்டுதோறும் ஜனவரி 17இல் நினைவுகூர்கிறோம். 2016இல் அவர் இறந்தபோது அவருக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருந்தது. ஒரு லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். அவரைக் கொன்றது எது என்ற கேள்விக்கு நாம் அரசியல் விடை சொல்கிறோம், அது சரியே. ஆனால் அந்த அரசியல் எந்த வழியாக அவரைத் தொட்டது என்று பாருங்கள். அறை பறிபோனது, பணம் நின்றது. ஆதரவுச் சேவைகளை நிறுத்துவதே தண்டனையாகப் பயன்படுத்தப்பட்டது. ஒரு பிள்ளையைத் தாங்கும் கயிறுகள் எவை என்று ஆதிக்கத்துக்கு நன்றாகத் தெரியும். அவற்றை வெறும் நலத்திட்டம் என்று குறைத்து மதிப்பது நாம்தான்.

உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதிமுறைகள் கொண்டுவந்தது. சம வாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் என்று எல்லாம் அதில் உண்டு. இருந்தும் 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். அவருடைய தாயும் ரோகித்தின் தாயும் சேர்ந்து, இருக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் செய்ய வேண்டிய வேலையா அது?

இங்கே மனநல ஆலோசனை பற்றி ஒரு வார்த்தை. வளாகத்தில் ஒரு தற்கொலை நடந்ததும் உடனே ஆலோசகரை நியமிக்கிறார்கள். யோகா வகுப்பு நடத்துகிறார்கள். ஆலோசகர்கள் தேவை, கட்டாயம் தேவை. ஆனால் “உன் ரிசர்வேஷன் மூளை இதுக்கெல்லாம் எட்டாது” என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னதாக ஒரு மாணவர் வந்து சொல்லும்போது, “நீங்க தன்னம்பிக்கையை வளர்த்துக்கணும், நெகட்டிவா யோசிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பும் ஆலோசனை அவருடைய காயத்தை இன்னும் ஆழமாக்கும். அவமதித்தவர் அப்படியே இருக்க, அவமதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தருவது எப்படி நியாயம்? சாதியைச் சாதி என்று பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த, புகாராக மாற்ற வேண்டிய இடத்தில் அதை மாற்றத் துணைநிற்கும் ஆலோசகர்கள் வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து உளவியல் படித்து வருபவர்களை அந்தப் பணியில் அமர்த்த வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். வயது, பால், கல்வி, காரணம் என்று எத்தனையோ அட்டவணைகள் அந்த அறிக்கையில் உண்டு. சாதிவாரி அட்டவணை இல்லை. எண்ணாமல் விட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா.

காதலித்தால் எங்கே போவது?

இளையோரின் இன்னொரு ஆபத்தான தருணம் காதல். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின். இடையில் எத்தனை பெயர்கள். 2018 மார்ச் 27இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் அமைக்க வேண்டும், பாதுகாப்பு இல்லங்கள் ஏற்படுத்த வேண்டும் என்று தெளிவாக வழிகாட்டியது. சென்னை உயர் நீதிமன்றமும் 2016இலேயே மாவட்டத் தனிப்பிரிவுகள் அமைக்க உத்தரவிட்டிருந்தது.

உங்கள் மாவட்டத்துத் தனிப்பிரிவின் எண் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஊரில் சாதி மறுத்துக் காதலிக்கும் இணையருக்கு இன்றிரவு ஒரு பாதுகாப்பு இல்லத்தின் வழி தெரியுமா? தெரியாது. அவர்கள் காவல் நிலையத்துக்குத்தான் போவார்கள். அங்கே பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பிவைக்கப் பேச்சு நடக்கும். ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரைகள் தர, 2025 அக்டோபரில் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையத்தை அரசு அறிவித்தது. சட்டம் வர வேண்டும். ஆனால் தண்டிக்கும் சட்டம் கொலைக்குப் பின்னால் வருவது. கொலைக்கு முன்னால் தேவைப்படுவது பூட்டக்கூடிய ஒரு கதவு, படுக்க ஒரு பாய், கூட வர ஒரு வழக்கறிஞர், ஆறு மாதத்துக்கு ஒரு வேலை.

அரிவாள் ஏந்திய சிறுவன்

இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கலாம். நாங்குநேரியில் அரிவாள் ஏந்தியவர்களும் பதினேழு வயதுக்காரர்கள். அவர்களைப் பற்றி நமக்கு ஏன் கவலை என்று கேட்கத் தோன்றும். பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் அந்தக் கையில் அரிவாளைக் கொடுத்தது யார் என்ற கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. பனியனில் சாதித் தலைவர் படம், கையில் வண்ணக் கயிறு, கைபேசியில் ‘ஆண்ட பரம்பரை’ப் பாட்டு, குருபூசைக்குப் போக வண்டியும் பெட்ரோலும். இவையெல்லாம் பெரியவர்கள் ஏற்பாடு. அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். சிறைக்குப் போவது கூலிக்காரர் வீட்டுப் பையன்.

அப்படிப் போகும் இடமும் திருத்தும் இடமாக இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். திருட்டு வழக்கில் பிடிக்கப்பட்ட ஏழைத் தாயின் மகன். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகு அத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த அமைக்கப்பட்டதும் நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுதான். பள்ளியின் வாசலிலும் கூர்நோக்கு இல்லத்தின் வாசலிலும் ஒரே நீதிபதியை நிறுத்த வேண்டியிருந்தது தற்செயல் அல்ல என்று எனக்குப் படுகிறது. ஒரு முனையில் கைவிடப்பட்ட பிள்ளைகள்தான் மறுமுனையில் வந்து சேர்கிறார்கள்.

ஒரு இளைஞனுக்குச் சாதிச் சங்கம் என்ன தருகிறது? அடையாளம் தருகிறது, கூட்டாளிகளைத் தருகிறது, பிரச்சினை என்றால் வந்து நிற்க ஆள் தருகிறது, வழக்கு என்றால் ஜாமீன் எடுக்க வக்கீல் தருகிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு ‘ஆதரவுச் சேவை’. நஞ்சு கலந்த சேவை. அரசும் நாமும் விட்ட இடத்தில் அது முளைத்திருக்கிறது. ஆதிக்கச் சாதிக் குடும்பங்களின் கைவிடப்பட்ட பெண்களுக்குப் புலே தம்பதி கதவைத் திறந்தது பெருந்தன்மைக்காக மட்டுமல்ல. சாதி தன் சொந்தப் பிள்ளைகளையும் தின்னும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

“இயக்கத்தின் வேலை அரசியல், சமூக சேவை அல்ல” என்று சில தோழர்கள் சொல்வார்கள். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. போராட வேண்டிய ஆற்றல் நோட்டுப் புத்தக விநியோகத்தில் கரைந்துபோன அமைப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். அரசு செய்ய வேண்டியதை நாம் செய்துகொடுத்தால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆகவே நான் சொல்வது அரசுக்குப் பதிலாக நாம் விடுதி நடத்துவதை அல்ல. அரசின் விடுதி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கண்களாகவும், பிள்ளை புகார் சொன்ன அன்றிரவு அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களாகவும் நாம் இருக்க முடியும்.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. சந்துரு குழுப் பரிந்துரைகளுக்குச் சட்ட வடிவம் தர வேண்டும். சாதியத் தொல்லை பற்றிப் புகார் வந்த அன்றே புகார் சொன்ன பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தரும் கடமை யாருடையது என்று அந்தச் சட்டத்தில் பதவியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். புகார்ப் பெட்டியின் சாவி பள்ளிக்கு வெளியே இருக்க வேண்டும். உணவுப்படியை விலைவாசியோடு இணைக்க வேண்டும். உதவித்தொகை வரும் வரை எந்தக் கல்லூரியும் மாணவரிடம் கட்டணம் கேட்கவோ தேர்வைத் தடுக்கவோ கூடாது. மாவட்டந்தோறும் இணையர் பாதுகாப்பு இல்லம் வேண்டும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தவும் நாம் கற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு ஆகியவற்றை உரிமையாகத் தருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் விதி. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? பள்ளிகளில் நடந்த சம்பவங்கள் அதில் பேசப்பட்டனவா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் இதைக் கேட்கலாம். கேளுங்கள். பதிலை வெளியிடுங்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களில் பலர் விடுதியில் படித்து மேலே வந்தவர்கள். உங்கள் பழைய விடுதிக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பிரியாணிப் பொட்டலமும் பேனரும் வேண்டாம். அன்று என்ன சமைத்தார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா, இரவில் யார் காவல் என்று கேளுங்கள். உதவித்தொகை வராத பிள்ளையின் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று தேடிப் பிடியுங்கள். சட்டம் படித்தவர்கள் மூன்று பேர், உளவியல் படித்தவர் ஒருவர், வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் என்று ஒரு ஊரில் ஆறு பேர் சேர்ந்தாலே போதும், நள்ளிரவு அழைப்புக்கு நேரில் வந்து நிற்க ஆள் கிடைத்துவிடும். சாதிச் சங்கத்தால் ஒரு மணி நேரத்தில் இருபது வண்டிகளைத் திரட்ட முடிகிறது. சாதியை ஒழிக்க வந்த நம்மால் இரண்டு வண்டிகளைக்கூடவா திரட்ட முடியாது?

நாங்குநேரி மாணவன் மருத்துவமனையில் இருந்து மீண்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி, 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எதையும் தாங்கி எழுந்து நிற்கும் வீரத்தை நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப் பழகிவிடுவோம். எல்லாப் பிள்ளையும் வீரனாக இருக்க வேண்டியதில்லை. பயப்படவும், அழவும், சுமாராகப் படிக்கவும், காதலிக்கவும், அதற்குப் பிறகும் உயிரோடும் மரியாதையோடும் வாழவும் ஒரு சாதாரணப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அந்தச் சாதாரண வாழ்க்கைக்கான ஏற்பாட்டைத்தான் நாம் கேட்கிறோம். அடுத்த முறை ஒரு பிள்ளை வாயைத் திறக்கும்போது, அன்றிரவே அந்த வீட்டுக்கு யார் போவது என்பதை உங்கள் ஊரில் இந்த வாரமே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.